ஆளில்லாக் கரை: அலைச்சறுக்குப் பயணப் பிரதிகள் மீது ஒரு வாசிப்பு

அலைச்சறுக்கு விடுமுறைக்குக் கரை தேடுவது பற்றி இப்பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிக்கப் போகும் நண்பர்களை நான் அறிவேன். தேசியமும் சாதியமும் பெண்ணியமும் பேசித் தீராத இடத்தில் வெள்ளைக்காரப் பொடியன்களின் கடல் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்கட்டும். விடுமுறையை எங்கே கழிப்பது என்ற தெரிவைப் போல வெகுளியாகத் தோற்றம் தரும் அரசியல் வேறில்லை என்பது எனது எண்ணம். இந்தத் தெரிவுக்கென்று ஒரு முழு இலக்கியமே உண்டு. படங்கள், பயண நூல்கள், வரைபடங்களோடு கூடிய கைந்நூல்கள். அவற்றில் சிலவற்றையேனும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க முனைவதே இக்கட்டுரை.

இவ்வகைப் பிரதிகளின் மூலப்பிரதி என்று ஒன்றைச் சொல்வதானால் அது 'த எண்ட்லெஸ் சம்மர்' என்ற படம். முடிவற்ற கோடை. புரூஸ் பிறவுண் என்ற கலிபோர்னியர் இயக்கி, ஒளிப்பதிவு செய்து, கதை சொல்லும் குரலையும் தானே கொடுத்தார். மைக் ஹின்சன், றொபேட் ஓகஸ்ற் என்ற இரு இளைஞர்கள் மாரி வந்ததும் கலிபோர்னியாவை விட்டுக் கிளம்பி, கோடையைத் துரத்திக்கொண்டு உலகைச் சுற்றுகிறார்கள். செனகல், கானா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தாஹித்தி, ஹவாய். செலவு சுமார் 50,000 டொலர். 1964இல் அலைச்சறுக்கு ரசிகர்களின் மண்டபங்களில் ஓடியது. கடலே இல்லாத ஊரில் எவன் இதைப் பார்ப்பான் என்று விநியோகஸ்தர்கள் கைவிரிக்க, பிறவுண் அதைக் கான்சாஸ் மாநிலத்து விச்சிற்றாவில், நடு மாரியில் திரையிட்டு அரங்கை நிறைத்துக் காட்டினார். 1966இல் நியூயோர்க் திரையரங்கு. 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது.

இந்த உலகச் சுற்று எப்படித் தீர்மானமாயிற்று என்பது பலரும் திருப்பிச் சொல்லும் கதை. பிறவுண் முதலில் திட்டமிட்டது தென்னாபிரிக்காவுக்குப் போய் வருவதற்கு மட்டுமே. பயண முகவர் கணக்குப் பார்த்து, லொஸ் ஏஞ்சலஸிலிருந்து கேப் ரவுணுக்குப் போய்த் திரும்புவதைவிட உலகைச் சுற்றி வருவதற்கான ரிக்கற் 50 டொலர் மலிவு என்றாராம். ஆக, படத்தின் மகத்தான வரைபடம் ஒரு கழிவு விலையில் பிறந்தது. இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. ரிக்கற்றின் விலை மட்டுமே தடையாக இருக்கும் ஒருவனுக்கு உலகம் எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான சான்று கிடையாது. உள்ளே விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்ற பதற்றம் இந்தப் படத்தின் கதையை எந்த இடத்திலும் இயக்குவதில்லை. எங்களுடைய பயணக் கதைகளில் அந்தப் பதற்றத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

படம் மோசமான படமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எம்மவரின் விமர்சன மரபில் ஒரு பிரதியை அரசியல்ரீதியாகக் குற்றம் காண்பதற்கு முன் அதை அழகியல்ரீதியாகவும் கொன்றுவிட வேண்டும் என்றொரு சடங்கு இருக்கிறது. பிறவுணின் கமரா நீரை நேசிக்கிறது. அலையின் முகத்தில் ஒரு மனித உடல் எழுந்து நிற்கும் அந்தச் சில கணங்களை அவர் போட்டியாகவோ சாகசமாகவோ காட்டவில்லை, ஒருவகைச் சும்மாயிருத்தலாகக் காட்டுகிறார். அவரது பகிடிகளில் பாதிக்கு நானும் சிரித்தேன். பிரச்சினை மற்றப் பாதியில் இருக்கிறது.

கானாவுக்கு வருவோம். அக்ராவை அண்டிய லபாடிக் கரையில் இரு இளைஞர்களும் பலகைகளோடு இறங்குகிறார்கள். சிறுவர்கள் கூடுகிறார்கள். இந்தக் கரைக்கு அலைச்சறுக்கு இன்றுதான் வந்திறங்கியது என்ற தோரணையில் குரல் பேசுகிறது. ஆனால், அலையில் சறுக்குவது பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய விவரணைகளில் ஒன்று அதே கரையைப் பற்றியது. மைக்கல் ஹெமர்சாம் என்ற ஜேர்மன்காரர் 1640களில் பொற்கரையில், அதாவது இன்றைய கானாவில், பிள்ளைகள் பலகைகளில் அலை ஏறுவதைப் பதிவு செய்திருக்கிறார். கெவின் டோசன் என்ற வரலாற்றாசிரியர் 2018இல் வெளியிட்ட நூலில் இதையும் இது போன்ற பல சான்றுகளையும் திரட்டித் தந்திருக்கிறார். கப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்க்குப் போவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது இது. பிறவுணுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரியாமை வேறு, இங்கே முன்பு எதுவும் இருந்திருக்க முடியாது என்ற நிச்சயம் வேறு. படத்தின் நகைச்சுவை அந்த நிச்சயத்தில்தான் நிற்கிறது.

(இவ்விடத்தில் எம்மவரில் ஒருவர் எழுந்து, கட்டுமரத்தில் அலை ஏறிய தமிழனே உலகின் முதல் அலைச்சறுக்காளன் என்று ஒரு கட்டுரை எழுதக் காத்திருப்பார். தயவுசெய்து வேண்டாம். கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. அந்த மரத்தில் ஏறியவனைக் கோவிலுக்குள் விடாத கதையையும் அதே கட்டுரையில் எழுதுவதானால் எழுதட்டும்.)

அடுத்தது தென்னாபிரிக்கா, படத்தின் உச்சம். படப்பிடிப்பு 1963-64 காலத்தது. 1960இல் ஷார்ப்வில் படுகொலை. 1963 ஒக்டோபரில் தொடங்கிய ரிவோனியா வழக்கில் 1964 ஜூனில் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை. பொது வசதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953இலிருந்தே நடைமுறையில் இருந்தது. கடற்கரை அதற்கு விலக்கல்ல. இந்த நாட்டில் இறங்கும் கமராவுக்கு இனப்பிரிப்பு ஒரேயொரு தடவைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் சுறாக்களும் கடற்பன்றிகளும் இன்னும் கலந்து வாழத் தொடங்கவில்லை என்ற பாணியிலான ஒரு பகிடியாக. பகிடி தெரிந்தவன் சொல்லும் பகிடி அது. இனப்பிரிப்புப் பற்றி அறியாதவனால் அதைச் சொல்ல முடியாது. எனவே, 'அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

டர்பன் கரையைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூறோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்த துறைமுகம் அது. 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 152,000க்கும் மேற்பட்ட இந்தியர்களில் தமிழ் பேசியோர் பெருந்தொகையினர். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தவர்களில் ஒரு பகுதியினர் டர்பனில் கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். அலை எங்கே முறியும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதைத் தலைமுறைகளாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அவர்களும் அக்கரையின் நிபுணர்கள்தான். ஆனால் சட்டப்படி நல்ல கரை வெள்ளையருக்கு.

கேப் சென் பிரான்சிஸில் படம் தன் சொர்க்கத்தைக் கண்டடைகிறது. மணல்மேடுகளைக் கடந்து போனால் ஒரே சீராக, ஒரே அளவாக, நீண்டுகொண்டே வரும் அலைகள். யாருமில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த அலை எவருக்கும் பயன்படாமல் வீணே முறிந்து கொண்டிருந்ததே என்பது கதைசொல்லியின் வியப்பு. நிலத்தைப் பற்றி இந்த வாதத்தை நாம் கேட்டிருக்கிறோம்: பயன்படுத்தப்படாத நிலம், தரிசு நிலம், முடிக்குரிய நிலம். 1840இல் இலங்கையில் வெள்ளையர் கொண்டுவந்த தரிசு நிலச் சட்டம் கண்டிச் சேனைக் காணிகளுக்குச் செய்ததை இந்தப் படம் கடல் நீருக்குச் செய்து பார்க்கிறது. அந்த அலைக்கு அதன் பிறகு வழங்கிய பெயரே 'புரூஸின் அழகிகள்' என்பதுதான். உண்மையில் அந்த இடத்தில் அப்படியான அலை வருவது அபூர்வம். படத்தை நம்பிப் போய் ஏமாந்தவர்கள் பலர். பின்னாளில் அங்கே விடுமுறை வீடுகள் எழும்பின. ஆளில்லாக் கரையைப் படம் பிடித்தால் ஆள் வரும்.

எல்லா அலைச்சறுக்காளரும் இப்படிக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஹவாயைச் சேர்ந்த எடி ஐகாவ் போட்டிக்காக டர்பனுக்கு வந்தபோது தோல் நிறத்தால் அவருக்கு ஹொட்டேலில் இடம் மறுக்கப்பட்டது. 1985இல் உலக சம்பியனாக இருந்த அவுஸ்திரேலியர் ரொம் கரோல் தென்னாபிரிக்கப் போட்டிகளைப் பகிஷ்கரித்தார். ரொம் கரனும் மார்ட்டின் பொட்டரும் சேர்ந்துகொண்டனர். அதனால் அவர்களுக்குப் புள்ளிகளும் பணமும் நட்டம். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று சக வீரர்களே ஏசினார்கள். கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டதை டி கிளார்க் அறிவித்தது 1989 நவம்பரில். ஸ்கொட் லடெர்மன் 2014இல் எழுதிய அலைச்சறுக்கின் அரசியல் வரலாறு இவற்றையெல்லாம் விரிவாகப் பேசுகிறது. இத்துறையில் ஒரேயொரு நூலைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் அதைப் படிக்கலாம்.

'முடிவற்ற கோடை' சொல்லாமல் விட்டதைப் பட்டவர்த்தனமாகச் சொன்ன படம் 1979இல் வந்தது. கொப்பொலாவின் 'அப்போகலிப்ஸ் நௌ'. இதை வியட்நாம் யுத்தப் படமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதை ஓர் அலைச்சறுக்குப் பயணப் படமாக வாசிக்கக் கேட்கிறேன். கேணல் கில்கோர் ஒரு ஆற்றுவாயைத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் எதிரியின் பலம் அதிகம், ஆனால் நல்ல அலை. கூட வந்திருப்பவனோ கலிபோர்னியாவின் பேர்போன அலைச்சறுக்கு வீரன். அவ்வளவுதான். வாக்னரின் இசையோடு ஹெலிகொப்ரர்கள் கிளம்புகின்றன, பள்ளிக்கூடம் இருக்கிற ஒரு கிராமம் அழிகிறது, குண்டு விழுந்துகொண்டிருக்கையிலேயே சிப்பாய்கள் பலகையோடு இறக்கப்படுகிறார்கள். கேணலின் நியாயம் எளியது: எதிரிக்கு அலைச்சறுக்கத் தெரியாது, ஆகவே கரை அவனுக்குரியதல்ல. பிறவுணின் வீண்போகும் அலையும் கில்கோரின் வாதமும் ஒரே வாய்ப்பாட்டின் இரு வரிகள். திரைக்கதையைக் கொப்பொலாவோடு எழுதிய ஜோன் மிலியஸ் தானே ஓர் அலைச்சறுக்காளர், 1978இல் 'பிக் வெனஸ்டே' என்ற அலைச்சறுக்குப் படத்தை இயக்கியவர். தான் நேசித்த ஒன்றின் அடியில் கிடப்பதைக் கண்டு அவர் எழுதியிருக்கிறார். அவரது அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்தக் காட்சியில் அவரைவிட நேர்மையாக எழுதிய இடதுசாரியை நான் காணவில்லை.

இக்காட்சி எடுக்கப்பட்டது வியட்நாமில் அல்ல, பிலிப்பைன்ஸின் பாலெர் என்ற கரையில். படத்துக்கு ஹெலிகொப்ரர்கள் கொடுத்தது மார்க்கோஸின் அரசு. உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களைத் தாக்கத் தேவைப்பட்டபோது படப்பிடிப்பின் நடுவிலேயே அவை திருப்பி அழைக்கப்பட்டன. படக்குழு போகும்போது விட்டுச் சென்ற பலகைகளில் ஊர்ப் பிள்ளைகள் பழகினார்கள். இன்று பாலெர் பெயர்பெற்ற அலைச்சறுக்கு ஊர். இதை எப்படி மதிப்பிடுவது? மேலாதிக்கம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகள் பலகையை எடுத்தபோது அது அவர்களுடையதாகிவிட்டது.

பாலித்தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972இல் வெளிவந்த 'மோர்னிங் ஒவ் த ஏர்த்' என்ற அவுஸ்திரேலியப் படம்தான் உலுவாத்து அலையை உலகுக்குக் காட்டியது. பூமியின் விடியற்காலை என்று தலைப்பு. 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் அத்தீவில் மட்டும் பல்லாயிரவர் கொல்லப்பட்டு ஆறு வருடங்கூட ஆகியிருக்கவில்லை. விடியற்காலை யாருக்கு என்று கேட்பது சலித்துப்போன கேள்விதான், ஆனால் பதில் இன்னும் வரவில்லை.

வில்லியம் பினெகனின் 'பாபேரியன் டேய்ஸ்' (2015, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு) இவ்வகை இலக்கியத்தின் சிறந்த நூல் என்பது பொது அபிப்பிராயம், என் அபிப்பிராயமும் அதுவே. அவரும் அலை தேடிப் போனவர்தான். அலை தேடிப்போன வழியில் கையில் காசு தீர்ந்து, 1980இல் கேப் ரவுணின் கிராசி பார்க்கில் 'கலப்பினத்தவர்' என்று வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகளின் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்த ஆண்டுதான் மாணவர் பகிஷ்கரிப்பு. அதிலிருந்து அவர் எழுதிய 'குறொசிங் த லைன்' (1986) அலைச்சறுக்கு நூல் அல்ல. பிறவுண் போன அதே நாடு. வேறுபாடு என்ன? பினெகன் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தார். ஒரு கரையில் வேலை செய்தவனுக்கும் விடுமுறை கழித்தவனுக்கும் அந்தக் கரை இரண்டு வெவ்வேறு இடங்கள். இதை ஒரு கோட்பாடாக நான் முன்வைக்கவில்லை. விரிவுரையாளராக இருந்த காலத்தில் நான் கோட்பாடாகச் சொன்ன பலவற்றை இயந்திரத்தின் முன்னால் எட்டு மணித்தியாலம் நின்ற பிறகு சாதாரணத் தகவல்களாகவே சொல்ல முடிகிறது.

பினெகனிடம் எனக்குள்ள பிணக்கு பீஜியைப் பற்றியது. 1978இல் அவரும் நண்பரும் தவருவா என்ற சிறுதீவில் கூடாரம் போட்டு, எவருக்கும் தெரியாத அலையில் சறுக்கினார்கள். ரகசியம் காத்தார்கள். 1984இல் அங்கே அமெரிக்கர்களின் விடுதி வந்தது. அலையையே விடுதி தனது விருந்தினருக்கென்று ஒதுக்கிக்கொண்டது. பீஜி அரசு 2010இல் ஓர் ஆணை மூலம் அலைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பினெகன் இந்த விடுதி ஏற்பாட்டை வெறுத்ததாக எழுதுகிறார். பிறகு பணம் கட்டி விருந்தினராகவும் போகிறார். அதையும் மறைக்காமல் எழுதுகிறார். நேர்மைதான். ஆனால், ரகசியம் காப்பதும் தனியுடைமை ஆக்குவதும் அடிப்படையில் ஒரே ஆசைதானே என்ற கேள்வி வரை அவர் போகவில்லை. இரண்டிலும் மீனவன் கணக்கில் இல்லை.

கைந்நூல்களை நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 1990களிலிருந்து வரும் அலைச்சறுக்கு வழிகாட்டிகள் ஒவ்வொரு கரையையும் சில குறியீடுகளாகச் சுருக்குகின்றன: அலை எத்திசை, காற்று எத்திசை, அடியில் மணலா பாறையா, எந்த மாதம், எவ்வளவு நெருக்கடி. இங்கே நெருக்கடி என்றால் சக அலைச்சறுக்காளர் தொகை. மற்றவர்கள் தொகையில் சேரமாட்டார்கள்.

இனி அறுகம்பை. அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலுக்குத் தெற்கே, சின்ன உல்லைக் கிராமத்தை ஒட்டிய குடா. அறுகங்குடா என்றும் சொல்வார்கள். உலக அலைச்சறுக்குப் பட்டியல்களில் இலங்கையின் பெயரே பெரும்பாலும் இதுதான். தென்மாகடலின் புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான மைல் வந்து, இக்குடாவின் தென்முனையில் வளைந்து, கரையோரமாக நீளத்துக்கு முறிகின்றன. சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் குலையாமல் நிற்கும். மாரியில் நிலைமை தலைகீழ். அப்போது அலைச்சறுக்காளர்கள் ஹிக்கடுவை, மிதிகம, வெலிகம என்று தென்மேற்குக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் அந்தக் கரை, ஆறு மாதம் இந்தக் கரை. கைந்நூல்கள் இதை இலங்கையின் தனிச் சிறப்பாக, முடிவற்ற கோடையாக வியக்கின்றன.

இந்த நாட்காட்டி எங்களுக்குப் பழையது. நீர்கொழும்பு, சிலாபம் மற்றும் தென்கரை மீனவர்கள் தென்மேற்குப் பருவத்தில் தங்கள் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து வாடி அடித்து, வாடைக்காற்றுத் தொடங்கத் திரும்பிப் போவார்கள். தலைமுறைகளாக நடந்த இடப்பெயர்வு அது. வாடிக் காணிக்காகச் சண்டைகளும் வந்தன, கலியாணங்களும் நடந்தன. பின்னர் அரசு இராணுவத்தின் பாதுகாப்போடு அதை ஒரு குடியேற்ற ஆயுதமாகவும் ஆக்கிற்று. அலைச்சறுக்காளன் அறியாமலே நடப்பது மீனவனின் பாதையில். யுத்த காலத்தில் வடகிழக்கு மீனவனுக்குக் கடலில் இறங்கப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, பல இடங்களில் முழுத்தடை. அதே யுத்த ஆண்டுகளில் அறுகம்பைக்கு வெளிநாட்டு அலைச்சறுக்காளர்கள் வருவது நிற்கவில்லை. இரண்டும் ஒரே கடல், ஒரே பருவம்.

பெயர்களையும் பாருங்கள். விஸ்கி பொயின்ற், பீனட் ஃபாம், எலிபன்ற் றொக். தெற்கே போனால் ஒகந்த. அந்தக் கடைசிச் சொல்லில் எனக்குத் தடக்கியது. அது எங்கள் உகந்தை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குமுன் தங்கிக் கும்பிடும் முருகன் கோவில். கைந்நூலுக்கு அது காலை வேளையில் நல்ல, நெருக்கடி குறைந்த ஒரு முனை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். அதன் பிறகு அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை என்றது. ஹொட்டேல்களுக்கு அந்தத் தடை அதே இறுக்கத்தோடு பொருந்தவில்லை. அறுகம்பையை உயர்தரச் சுற்றுலா மையமாக்கும் திட்டம் மேசைக்கு வந்தது. மீனவர் வாடிகளின் இடத்தில் விடுதிகள். நவோமி க்ளைன் தன் 'ஷொக் டொக்ட்ரின்' நூலில் (2007) இதற்கென ஓர் அத்தியாயம் எழுதினார். நல்ல அத்தியாயம். அவரது வாதச் சட்டகத்தில் மீனவனும் உலக மூலதனமும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். நடுவே நிற்கும் இலங்கைப் படைகள் மட்டும் போதியளவு துலங்கவில்லை.

அந்த இடைவெளியைப் பாணமை நிரப்பும். அறுகம்பையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீற்றர். 2010 ஜூலையில், யுத்தம் முடிந்து ஒரு வருடத்தில், ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளில் இருந்த மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 350 குடும்பங்களின் காணி பறிபோனது. படைகள் வேலியடித்தன. கடற்படை அங்கே உல்லாசப் பயணிகளுக்குக் குடில்கள் நடத்தியது. காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தும் காரியம் இலேசில் நடக்கவில்லை. கவனிக்க வேண்டியது, இம்மக்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள், தமிழரோடு கலியாணம் செய்து கலந்து போன பழைய கிராமத்தவர்கள். காங்கேசன்துறையில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் நடத்திய தல்செவன விடுதியைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களின் காணி அது. பாணமையைப் பற்றி எம்மவர் எத்தனை பேர் எழுதினோம்?

இது எனக்கு ஒரு நடைமுறைப் பிரச்சினையாகவும் வந்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஓகஸ்ற்றில் மூன்று கிழமை பூட்டப்படும். யூன் பிறந்தால் சாப்பாட்டு மேசையில் கரைகளைப் பற்றிய பேச்சுத்தான். பிரான்சில் இந்த விளையாட்டு 1950களின் பிற்பகுதியில் பியாறிற்ஸில் ஒரு ஹொலிவூட் திரைக்கதை எழுத்தாளர் கொண்டுவந்த பலகையோடு தொடங்கியது. இப்போது பாரந்தூக்கி ஓட்டுபவனின் மகனும் அத்திலாந்திக் கரைக்குப் பலகையோடு போகிறான். அது நல்ல விஷயம். என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் இளைஞன் அறுகம்பைக்குப் போக யோசிப்பதாகச் சொல்லி, நான் அந்த நாட்டுக்காரன் என்பதால் எது நல்ல மாதம் என்று கேட்டான். சொன்னேன். நீயும் போவாயா என்று கேட்டான். என் பையில் இருக்கும் பயணப் பத்திரம் உலகின் எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், ஒன்றைத் தவிர, அந்த ஒன்றின் பெயர் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது என்றேன். அவனுக்கு அது பகிடியாகப் பட்டது. புரூஸ் பிறவுணுக்கும் பட்டிருக்கும்.

அவன் போக வேண்டுமா, கூடாதா? இலங்கைக்கு உல்லாசப் பயணம் போகாதே என்ற துண்டுப்பிரசுரம் ஒன்று எங்கள் கடைத்தெருவில் வருடாவருடம் வைக்கப்படுகிறது. அதன் கோபம் எனக்குப் புரிகிறது. அதன் தர்க்கம் புரியவில்லை. அறுகம்பையில் அறை வாடகைக்கு விடுகிறவர்களில் முஸ்லிம்கள் உண்டு, தமிழர் உண்டு, சிங்களவர் உண்டு. சுனாமியில் பிள்ளைகளை இழந்து, கடன்பட்டுத் திரும்ப இரண்டு அறை கட்டியவர்கள் உண்டு. 2018இல் அங்கே பெண்பிள்ளைகள் தமக்கென ஓர் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்ட ஊரில். பகிஷ்கரிப்பு இவர்களையும் படைகளின் குடில்களையும் ஒரே கோட்டால் அடிக்கிறது. ரொம் கரோலின் பகிஷ்கரிப்பை உதாரணம் காட்டுவோருக்கு: அவர் பகிஷ்கரித்தது ஓர் அரசின் பெயரால் நடந்த போட்டிகளை, டர்பனின் வலைகாரர்களிடம் மீன் வாங்குவதையல்ல.

மறுபுறம், போ, சறுக்கு, அரசியல் பேசாதே என்பதும் விடையல்ல. 2024 ஒக்டோபர் 23இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையைத் தவிர்க்கும்படி தன் பிரஜைகளை எச்சரித்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. இராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் இளைப்பாறத் தேர்ந்தெடுத்த கரை அது, அருகே பெரும்பான்மை முஸ்லிம் ஊர், காசாவில் யுத்தம். பொத்துவில்க்காரரை எவரும் எதுவும் கேட்கவில்லை. எச்சரிக்கையால் வெறுமையான அறைகளின் கடன் மட்டும் அவர்களுடையது. கில்கோரின் சிப்பாய் பலகையோடு இறங்கிய கரையை விட்டு உலகம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

என் பக்கத்து இயந்திரக்காரனுக்கு நான் சொன்னது இதுதான்: அறை எடுக்குமுன் அந்தக் காணி யாருடையது என்று கேள். விடுதி நடத்துவது படையா, கொழும்புக் கம்பனியா, ஊரவரா என்று கேள். காலையில் கரைவலை இழுபடும்போது பலகையைத் தூக்கிக்கொண்டு வலைக்குள் போகாதே. உகந்தைக்குப் போனால் கோவில் எங்கே என்று கேள். அவன் இதையெல்லாம் கைபேசியில் குறித்துக்கொண்டான், காற்றைப் பற்றி இன்னொரு தடவை கேட்டான்.

துண்டுப்பிரசுரம் எழுதிய நண்பர்கள் இதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். பதில் எழுதுகையில், பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் அவர்கள் தரும் பறிக்கப்பட்ட கரைகளின் பட்டியலையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதில் காங்கேசன்துறை இருக்கிறது, மயிலிட்டி இருக்கிறது, முள்ளிக்குளம் இருக்கிறது. பாணமை இல்லை.